ஆய்வறிக்கையில் ‘ஃபேர்’ என்று எழுதியிருந்தது

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நான் ஏலத்தில் ஒரு பழைய டிராக்டர் எடுத்தேன். அதன் ஆய்வறிக்கையில் என்ஜினுக்கு நேரே ‘ஃபேர்’ (fair) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல் இருந்தது. அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும் என்று நம்பியதால் 1,09,700 ரூபாயும், சம்பா நடவுக்குரிய சரியான பருவமும் என் கையை விட்டுப் போயின. ஆங்கிலம் தெரியாததால் வந்த நட்டம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அது சரியன்று. முன்பின் கேட்டிராத சொல்லாக இருந்திருந்தால் மகளிடமாவது கேட்டிருப்பேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சொல் என்பதால் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து “அந்தச் சொல்லைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் போதும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு 18 மா, அதாவது 6 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. 2022இல் என் கணவர் காலமான பிறகு சாகுபடியை நான்தான் பார்த்துவருகிறேன். மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். ஆள் பிடிப்பதும் விதை, உரம் வாங்குவதும் எனக்குக் கடினமாக இருக்கவில்லை. உழவு நேரத்தில் டிராக்டர் பிடிப்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாடாக இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2024இல் அணையில் நீர் இல்லாததால் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். எங்கள் பக்கம் கடைமடையை ஒட்டியது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர ஆகஸ்ட் பாதிக்கு மேல் ஆயிற்று. இப்படித் தண்ணீர் பிந்தி வரும் ஆண்டில் எல்லோருடைய வயலுக்கும் ஒரே வாரத்தில் சேற்றுழவு வரும். மணிக்கு 1,300 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வண்டி கிடைக்காது. தனியாகச் சாகுபடி செய்யும் பெண்ணுக்கு அந்த வரிசையில் கடைசி இடம்தான் கிடைக்கும் என்பதை இரண்டு ஆண்டுகளில் நன்றாக உணர்ந்திருந்தேன். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் இந்தக் கவலை தீரும் என்று முடிவு செய்தேன்.

கடன் கட்ட முடியாமல் போனவர்களிடமிருந்து பிடித்துவந்த வாகனங்களை நிதி நிறுவனங்கள் ஏலத்தில் விடுவது பலருக்கும் தெரிந்திருக்கும். திருச்சிக்கு வெளியே, அப்படிப் பிடித்த வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் ஓர் ஏலம் நடப்பதாகச் செய்தி வந்தது. 20,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கட்டியதும், வண்டியின் ஆய்வறிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். நான்கு பக்க ஆங்கில அறிக்கை. முதல் பக்கத்தில் புகைப்படங்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். ஹைட்ராலிக் என்ற வரிக்கு நேரே ‘குட்’, என்ஜினுக்கு நேரே ‘ஃபேர்’, கியர் பெட்டிக்கும் ‘ஃபேர்’, டயருக்கு ‘புவர்’ என்று இருந்தன. ‘புவர்’ என்றால் மோசம் என்று தெரியும். ஆகவே பின் டயர் இரண்டும் மாற்ற 38,000 ரூபாயைத் தனியே எடுத்துவைத்தேன். ‘குட்’ என்றால் நல்லது. ‘ஃபேர்’ என்பதை அதற்கும் ஒரு படி மேலாகவே எடுத்துக்கொண்டேன். குறையில்லாதது, நேர்மையாகச் சோதித்துச் சரியென்று கண்டது என்பதுதான் என் மனத்தில் விழுந்த பொருள்.

அப்படி விழுந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பள்ளியில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு இருந்தன. ரஃப் நோட்டில் அடித்தும் திருத்தியும் எழுதலாம். ஃபேர் நோட்டில் மையொழுகாமல், கோடு போட்டு, ஆசிரியர் பார்த்துக் கையொப்பம் இடும்படி எழுத வேண்டும். அரிசியும் சர்க்கரையும் வாங்கிய கடையின் பலகையில் தமிழில் ‘நியாய விலைக் கடை’ என்றும் அதன் கீழே ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்ற சொல்லோடும் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயதில் அந்தப் பலகையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோது வேறொரு ‘ஃபேர்’ வந்தது. “பொண்ணு ஃபேரா இருக்குமா?” என்று தரகரிடம் கேட்டவர்களின் குரல் இன்னும் நினைவில் இருக்கிறது. நான் மாநிறத்துக்கும் ஒரு படி கறுப்பு. அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு இடம் தட்டிப்போனது. 1975இல் வந்து வீட்டுக்கு வீடு புகுந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பை, என் அம்மாவும் எனக்காக வாங்கிவைத்தார். அதன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை 2020இல்தான் எடுத்தார்கள். ஆக, நான் வாழ்ந்த 50 ஆண்டுகளில் இந்தச் சொல் எங்கே வந்தாலும் உயர்ந்த ஒன்றைச் சுட்டியே வந்திருந்தது. சுத்தமானது ஃபேர், நியாயமானது ஃபேர், என்னிடம் இல்லாத நிறமும் ஃபேர். அதற்கு ஒரு தாழ்ந்த பொருள் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை.

யார்டுக்கு நான் மட்டும் போனேன். அது முதல் தவறு. நான் போய்ச் சேரும்போதே வண்டியை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். “கேளுங்க மேடம், சத்தம் எப்படி இருக்குன்னு” என்றார் அங்கிருந்தவர். சத்தம் சீராகத்தான் இருந்தது. சூடேறிய என்ஜின் பெரும்பாலும் சீராகத்தான் ஒலிக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் காலையில் முதல் ஆளாகப் போக வேண்டும். தாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கையை என்ஜினை மூடியிருக்கும் பானெட்டின் மேல் வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது இன்னும் முக்கியம். அந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென்று மூச்சு விடுவதுபோல் வந்தால் உள்ளே ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். இதைப் பார்க்க ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துப்போக 1,500 ரூபாய் ஆகியிருக்கும். அந்த 1,500 ரூபாயை மிச்சப்படுத்தினேன். 2,85,000 ரூபாய்க்கு ஏலம் என் பெயரில் முடிந்தது. ‘உள்ளது உள்ளபடி’ எடுத்துக்கொள்கிறேன் என்ற தாளில் கையெழுத்திட்டு, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 12 அன்று சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீலை மாட்டி முதல் வயலில் இறக்கினோம். வெறும் தரையில் முனகாமல் வந்த வண்டி, முழங்கால் சேற்றில் இறங்கியதும் திணறத் தொடங்கியது. முதலில் வெள்ளையாகவும் பிறகு நீலமாகவும் புகை வந்தது. ஒன்றரை மா உழுவதற்குள் ஆயில் அளவுகோலில் கோடு தெரியாத அளவுக்கு ஆயில் குறைந்திருந்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது கரகரவென்று அரைத்து நின்றது. அந்த வயலின் நடுவில் வண்டி நின்ற இடத்தையும், வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனதையும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது சில்லறை வேலைக்கு அடங்காது. ஹாஃப் என்ஜின், அதாவது பாதி என்ஜின் வேலை, பண்ணித்தான் ஆகணும். கியர்லயும் பல்லு போயிருக்கு” என்றார். “வாங்கும்போது என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். அறிக்கையைக் காட்டினேன். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும், “ஃபேர்னுதானே போட்டிருக்கான், அப்ப இவ்வளவுதான் இருக்கும்” என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த நிலையில் உள்ள வண்டிக்கு 2,00,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கவே கூடாது என்றும் சொன்னார்.

அன்று மாலை யார்டுக்குத் தொலைபேசினேன். கோபத்தில் குரல் நடுங்கியது. என்ஜின் நன்றாக இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டீர்களே, இது நியாயமா என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் சத்தம் போடவில்லை. “மேடம், நாலாவது பக்கம் பாருங்க” என்று மட்டும் சொன்னார். கைப்பேசியில் நான் புரட்டிப் பார்க்காத நான்காம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தர வரிசை நான்கு: முதலாவது எக்ஸலன்ட், இரண்டாவது குட், மூன்றாவது ஃபேர், நான்காவது புவர். மூன்றாவதற்கு விளக்கமும் இருந்தது. ஓடும் நிலையில் உள்ளது, தேய்மானம் உண்டு, பழுதுபார்ப்பு தேவைப்படும் என்று அதன் பொருள். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை; முறையிட எனக்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

என்ஜின் வேலைக்கு 64,500 ரூபாய், கியர் பெட்டிக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் 27,000 ரூபாய் ஆயிற்று. வண்டி பட்டறையில் கிடந்தபோது வாடகை வண்டிக்கு அலைந்தேன். எல்லா வண்டிக்கும் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். 14 மணி நேர உழவுக்கு 18,200 ரூபாய் கொடுத்து, செப்டம்பர் 27இல்தான் நடவு முடிந்தது. நாற்று விட்டது ஆகஸ்ட் 10. நான் போட்டிருந்தது சி.ஆர். 1009, நீண்ட வயதுள்ள ரகம்தான் என்றாலும் 30, 35 நாளில் பிடுங்கி நட வேண்டிய நாற்றை 48 நாளில் நட்டேன். பிடுங்கும்போதே கணு விட்டு முற்றியிருந்தது. நடவு ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நட்டார்கள்.

நடவு முடிந்த பிறகு எனக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு சொல் எப்படி இத்தனை வேறுபட்ட இடங்களில் உட்கார முடியும் என்ற கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. மன்னார்குடிக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து, தடித்த அகராதிகளைப் புரட்டினேன். மகளும் தொலைபேசியில் படித்துச் சொன்னாள். ஏறத்தாழ இரண்டு மாதம் இதற்குச் செலவழித்தேன். தெரிந்துகொண்டதை என் மொழியில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் இதுவும் ஒன்று. இலத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்து சேர்ந்ததன்று; ஜெர்மானியக் குடும்பத்தின் சொந்தச் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் பொருள் அழகு, கண்ணுக்கு இனிமை என்பதுதான். ஐஸ்லாந்து மொழியில் அதன் உடன்பிறப்பான ‘ஃபாகுர்’ என்ற சொல்லுக்கு இன்றும் அழகு என்றே பொருள். மேகமும் மழையும் இல்லாத தெளிந்த வானிலையையும் பழங்காலத்திலேயே இந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள். அந்த நாட்டு மக்கள் வெளிர்நிறத்தை அழகு என்று எண்ணியதால், 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அழகைக் குறித்த சொல்லே வெளிர்நிறத் தோலையும் பொன்னிறத் தலைமுடியையும் குறிக்கலாயிற்று. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்வி எங்கிருந்து புறப்பட்டது என்பதை அந்தப் பக்கத்தைப் படித்த அன்றுதான் அறிந்தேன். எங்கோ குளிர்தேசத்தில் ஏற்பட்ட ஒரு விருப்பம், சொல்லோடு ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறது. அதற்காக நான் அந்த வயதில் எவ்வளவு குன்றிப்போயிருக்கிறேன்!

அழகு என்பதிலிருந்து மாசில்லாதது என்ற பொருள் பிறந்தது. அங்கிருந்து கறையில்லாத நடத்தை, ஒருபக்கம் சாயாத நீதி என்ற பொருள் வளர்ந்து, 14ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றுவிட்டது. நியாய விலைக் கடையின் ‘ஃபேர்’ இந்தக் கிளையைச் சேர்ந்தது. குத்தகைச் சாகுபடியாளர்களுக்காக 1956இல் நம் மாநிலத்தில் வந்த நியாயக் குத்தகைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இதே ‘ஃபேர்’தான். பள்ளியின் ஃபேர் நோட்டு, திருத்தமும் கறையும் இல்லாத தெளிந்த எழுத்து என்ற பொருளில் வந்தது. இவையெல்லாம் போக, மிகவும் பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், ‘குறைசொல்ல முடியாது’ என்பது இறங்கி ‘ஓரளவுக்கு இருக்கிறது’ என்று ஆகியிருக்கிறது. தரம் பிரிக்கும் தொழில்களில் எல்லாம் இந்தக் கடைசிப் பொருள்தான் வழங்குகிறது. பழைய புத்தகம் விற்பவர்கள் ‘ஃபேர்’ என்று குறித்தால், பக்கங்கள் முழுமையாக உள்ளன, மற்றபடி நைந்துபோன புத்தகம் என்று அர்த்தம். நாணயம் சேகரிப்பவர்கள் 70 வரை எண்ணிட்டு வைத்திருக்கும் தர அளவில் ‘புவர்’ 1, ‘ஃபேர்’ 2, ‘குட்’ 4. எழுபதில் இரண்டு! இது தெரிந்திருந்தால் அந்த என்ஜினுக்கு என்ன விலை கேட்டிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். புத்தகக் கண்காட்சியைக் குறிக்கும் ‘ஃபேர்’ வேறு சொல். அது திருநாள் என்று பொருள்படும் ‘ஃபெரியா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பேருந்துக் கட்டணத்தைச் சொல்லும் ‘ஃபேர்’ மூன்றாவது சொல். பயணம் போவது என்ற பொருளில் பிறந்தது, எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒரே முகமாகத் தெரிவதால், உறவு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் படித்த பிறகு, தரக் கட்டத்தில் நிற்கும் ‘ஃபேர்’ என்பதற்குச் சரியான தமிழ் எது என்று யோசித்தேன். அது நம் வாயில் நாள்தோறும் புழங்கும் ‘சுமார்’தான். ‘பரவாயில்லை’ என்றும் சொல்லலாம். குழம்பு எப்படி என்று கேட்டு, “பரவாயில்லை” என்ற விடை வந்தால், சமைத்தவர் முகம் வாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ‘சுமார்’ என்பதும் எண்ணிக்கையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லாக நம்மிடம் வந்தது. ‘சுமார் 10 பேர்’ என்று தோராயக் கணக்குக்குப் பயன்பட்டது, பிறகு ‘படம் சுமார்’ என்று தரத்துக்கு இறங்கியது. அந்த அறிக்கையில் யாராவது ‘என்ஜின் சுமார்’ என்று எழுதியிருந்தால் நான் யார்டு வாசலையே மிதித்திருக்க மாட்டேன். ஆகையால் ஆங்கில அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். எதிரே இருப்பவரிடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்காதீர்கள். “இதற்கு மேலே எத்தனை படி, கீழே எத்தனை படி?” என்று கேளுங்கள். கீழே ஒரே ஒரு படிதான் என்று தெரிந்தால், “இதை ஒரு படி மேலே ஏற்ற எவ்வளவு செலவாகும்?” என்று அடுத்துக் கேளுங்கள். அந்தத் தொகையை விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.

அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது என் கணவரின் மருத்துவமனைக் கோப்பு கையில் அகப்பட்டது. கடைசியாக வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில், பொது நிலை என்பதற்கு எதிரே அதே ‘ஃபேர்’ இருந்தது. அன்று அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். தேறிவிட்டார் என்று எல்லோருக்கும் சொன்னேன். 3 வாரத்தில் அவர் போய்விட்டார். மருத்துவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் என்னிடம் வாய்வார்த்தையாகக் கவனமாக இருக்கும்படி சொல்லியிருந்தார். நோயாளி நினைவோடு இருக்கிறார், நாடியும் மூச்சும் இப்போதைக்கு நிலையாக உள்ளன என்பதற்கு மேல் அந்தச் சொல் மருத்துவத் தாளில் எதையும் சொல்வதில்லை. நான்தான் மருத்துவர் சொன்னதை விட்டுவிட்டு, தாளில் இருந்த சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் நோயாளி உள்ளவர்கள் அந்தச் சொல்லைக் கண்டால், குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், என்ன மாற்றம் தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே சொல் நமக்கு உதவும் இடமும் உண்டு. மகள் சென்னையில் வீடு காலி செய்தபோது, சுவரில் வண்ணம் மங்கியிருக்கிறது என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் 15,000 ரூபாய் பிடிப்பதாகச் சொன்னார். வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தால், ‘ஃபேர்’ ஆன தேய்மானம் நீங்கலாக வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. ஒருவர் ஒழுங்காகக் குடியிருந்தாலே இயல்பாக ஏற்படும் தேய்மானம் என்பது அதன் பொருள். அதற்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் நியாயமான தேய்மானத்தை விலக்கித்தான் சொல்கிறது. அந்த வரியைக் காட்டியதும் அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பட்டறையில் என் என்ஜினுக்குக் கொடுத்த 6 மாத உத்தரவாதச் சீட்டிலும் அதே தொடர் இருந்தது. அங்கே அது இயல்பான தேய்மானத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பட்டறைக்காரரைக் காப்பாற்றுகிறது. எனவே அந்தத் தொடர் வரும் தாளில் யார் யாருக்கு எழுதிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் ‘லி’ சேர்ந்து வந்தாலும் கவனம் வேண்டும். ஒருவரை நடத்துவதைப் பற்றிய பேச்சில் ‘ஃபேர்லி’ என்றால் நியாயமாக. ‘குட்’ என்பதற்கு முன்னால் வந்தால் ஓரளவு நல்லது என்று இறங்கிவிடும். தொகைக்கு முன்னால் வரும் ‘ஃபேர்’ இவை எதிலும் சேராமல், கணிசமான என்று பொருள் தரும்.

ஜனவரியில் பெய்த மழையில் கதிர் சாய்ந்து, பிப்ரவரியில் அறுவடை செய்தேன். வழக்கமாக ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 32 காணும். அந்த ஆண்டு கண்டுமுதல் 27 மூட்டைதான். குறைந்ததை முழுக்க டிராக்டரின் மேல் போட மாட்டேன். மழைக்கும் பங்கு உண்டு. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ‘நியாயமான சராசரித் தரம்’ என்று இருந்தது. ஆண்டுதோறும் பார்த்த வரிதான். அன்று அதன் முன் நின்றுவிட்டேன். மத்திய அரசின் ஆங்கில விதியில் உள்ள ‘ஃபேர்’ என்பதை யாரோ நியாயம் என்று பெயர்த்திருக்கிறார்கள். நான் செய்த அதே பிழை அது. நெல்லின் தரத்தில் நியாயம், அநியாயம் ஏது? அங்கே சொல்ல வந்தது, ஏற்றுக்கொள்ளப் போதுமான நடுத்தரம் என்பதுதான். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள், கல்லும் மண்ணும் 1 விழுக்காட்டுக்குள், தூசும் சருகும் 1 விழுக்காட்டுக்குள், முளைத்ததும் நிறம் மாறியதும் புழு அரித்ததும் சேர்த்து 5 விழுக்காட்டுக்குள், முற்றாததும் சுருங்கியதும் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ‘போதுமான நடுத்தரம்’ என்று எழுதியிருந்தால், மிகச் சிறந்த நெல்லைத்தான் எடுப்பார்கள் என்று பயந்து வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் சிறு விவசாயிகள் சிலராவது நிலையத்துக்கு வருவார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிப் பயந்த இருவரை எனக்குத் தெரியும்.

என் நெல்லை முதல் நாள் கருவியில் போட்டபோது 18.2 காட்டியது. களத்தில் கொட்டி, ஒன்றரை நாள் வெயிலில் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்தேன். மறுபடி போட்டபோது 16.6. பட்டியல் எழுத்தர் தலையசைத்தார். வீட்டுக்கு நிறுத்தியது போக 40 கிலோ சிப்பம் 225 எடை போட்டார்கள். பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,405 ரூபாய் வீதம் 2,16,450 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. ‘ஃபேர்’ என்ற அளவுக்குள் என் நெல் அடங்கியது குறித்து அன்று உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

டிராக்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. அதற்கு முன் தண்ணீர் இறைக்க வைத்திருந்த 5 எச்.பி. டீசல் என்ஜின் கொட்டகையில் சும்மா கிடந்ததால், சென்ற மாதம் அதை விற்கக் கைப்பேசியில் விளம்பரம் போட்டேன். பொருளின் நிலை என்ன என்று அந்தச் செயலி கேட்டு, ஆங்கிலத்தில் நான்கு சொற்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ‘ஃபேர்’ என்பதைத் தொட்டேன். அதன் கீழே இருந்த காலி இடத்தில் தமிழில் எழுதினேன்: “ஓடும். ஆயில் சீல் கசிகிறது, மாற்ற வேண்டும். 2 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சூடாகும். வாங்குபவர் காலையில் வரவும், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிக் காட்டுகிறேன்.” திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு காலை 7 மணிக்கு வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்கள். 9,500 ரூபாய் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.